நின்றதா, நிறுத்தினரா?

பிரெனீஸ் மலைத்தொடரின் நடுவே, ஸ்பெயினும் பிரான்சும் எல்லை கொள்ளும் சொம்போர்ட் கணவாய்க்கு அண்மையில், கன்பிராங்க் என்றொரு சிற்றூர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரின் குடித்தொகை அறுநூறு அளவினதே. அறுநூறு பேர் வாழும் அவ்வூரிலே 241 மீற்றர் நீளமுடைய புகையிரத நிலையம் ஒன்று நிற்கின்றது. மாநகரொன்றின் அரண்மனையைப் பெயர்த்து வந்து பள்ளத்தாக்கிலே வைத்தாற்போன்ற அதன் தோற்றம், காண்போரைத் திகைக்க வைப்பதில் வியப்பில்லை.

அந்நிலையத்தைப் பற்றி எழுதாத பயண இதழ் ஐரோப்பாவில் இல்லை எனலாம். பேய்கள் உலாவும் நிலையம் என்பர். மலைகளிடையே மூழ்கிய டைட்டானிக் என்பர். 365 சாளரங்களையும் எண்ணிச் சொல்வர். துருவேறிய தண்டவாளத்தினூடே முளைத்த புல்லைப் படமெடுத்துப் போடுவர். இவ்வெழுத்துகள் யாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. 1970இல் வண்டிகள் ‘நின்றன’, நிலையம் ‘பாழடைந்தது’, ஊர்கள் ‘வெறிச்சோடின’, மக்கள் ‘மறைந்தனர்’. எல்லாம் தாமாகவே நிகழ்ந்தன.

தமிழிலக்கணம் கற்ற மாணவர் தன்வினை, பிறவினை வேறுபாட்டை நன்கறிவர். ‘திருந்தினான்’ என்பது வேறு. ‘திருத்தினான்’ என்பது வேறு. முன்னதிலே செயல் செய்பவனோடு நிற்கின்றது. பின்னதிலே செய்தவன் ஒருவன், செயலுக்கு உட்பட்டவன் மற்றொருவன். கன்பிராங்க்கைப் பற்றி எழுதுவோர் பிறவினை வேண்டிய இடமெங்கும் தன்வினையைப் பெய்து எழுதுகின்றனர். இதனை வெறும் நடைக்குற்றம் என்று தள்ளிவிடல் இயலாது. செய்தவனை மறைக்கும் வாக்கியம் செய்தவனுக்குத் துணைபோகும் வாக்கியமாகும். கன்பிராங்க்கில் வண்டி நிற்கவில்லை, நிறுத்தினர். நிறுத்தியவர் யார், யாருக்காக நிறுத்தினர், அதனால் இழந்தவர் யார் என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். அரகொன் நாட்டவர் பிரெனீசை ஊடறுத்துப் பிரான்சோடு தம்மை இணைக்கும் இருப்புப்பாதை வேண்டுமென்று ஸ்பானிய தேசத்தை நோக்கி அறிக்கை விடுத்தது 1853ஆம் ஆண்டில். உவெஸ்கா நகரில் வேலை தொடங்கியது 1882இல். மலையடிவாரத்து ஹாக்கா நகரைப் பாதை எட்டியது 1893இல். மலையைக் குடைவது பற்றி இரு அரசுகளும் உடன்படிக்கை செய்தது 1904இல். இருபுறமிருந்தும் குடைந்து வந்த தொழிலாளர் மலையின் வயிற்றிலே ஒருவரையொருவர் சந்தித்தது 1912இல். ஏறத்தாழ 7.9 கிலோமீற்றர் நீளமான அச்சுரங்கப்பாதையின் வாயிலிலே நிலையம் எழுப்புதற்கு ஆற்றின் போக்கையே மாற்றினர். பனிச்சரிவைத் தடுக்க மலைச்சரிவெங்கும் இலட்சக்கணக்கில் மரம் நட்டனர். 1928 யூலை 18ஆம் நாள் ஸ்பானிய மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவும் பிரெஞ்சு சனாதிபதி கஸ்தோன் தூமெர்க்கும் வந்து திறந்துவைத்தனர். கோரிக்கை எழுந்து எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே வண்டி வந்தது. மூன்று தலைமுறையின் வேட்கையும் எண்ணற்ற கூலித் தொழிலாளரின் உழைப்பும் அப்பாதையில் அடங்கியுள்ளன. திறப்புவிழாவைச் சொல்லும்போது மன்னரின் பெயரைச் சொல்வோர், மலையைக் குடைந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அப்பாதையில் மன்னரும் சுற்றுலாச் செல்வரும் மட்டும் பயணம் செய்யவில்லை. 1930 டிசம்பர் 12ஆம் நாள் ஹாக்காவிலே கப்டன் பெர்மின் கலானும் கப்டன் ஆங்கெல் கார்சியா எர்னாந்தெசும் முடியாட்சிக்கு எதிராகக் கிளர்ந்து குடியரசைப் பிரகடனம் செய்தபோது, உவெஸ்காவை நோக்கிப் புறப்பட்ட கிளர்ச்சிப்படையின் ஒரு பிரிவு இந்த இருப்புப்பாதையிலேதான் வண்டியேறிற்று. கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது, இரண்டே நாளில் இரு கப்டன்களும் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஆயினும் நான்கு மாதங்களில், 1931 ஏப்ரிலில், மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார், குடியரசு பிறந்தது.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் பிராங்கோவின் படையினர் சுரங்கப்பாதையைச் சுவரெழுப்பி அடைத்தனர். அடைத்தவர் யாரென்பதில் இங்கே ஐயமில்லை. பின்னர், 1942 நவம்பரில் ஹிட்லரின் படைகள் தென்பிரான்சையும் கைப்பற்றியபோது, ஸ்பானிய மண்ணிலுள்ள இந்நிலையத்தின் பிரெஞ்சுப் பகுதிக்குள்ளே ஜேர்மானியர் வந்தமர்ந்தனர். ஐரோப்பாவெங்கும் கொள்ளையிட்ட பொன் இவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றது. போர்க்கருவிகளுக்கு இன்றியமையாத வொல்பிராம் தாது வடக்கு நோக்கிச் சென்றது. அதே நிலையத்திலே பிரெஞ்சுச் சுங்க அதிகாரியாயிருந்த அல்பேர் லெ லே எதிர்ப்பியக்கத்துக்காகத் தம்முயிரைப் பணயம் வைத்துச் செய்திகளைக் கடத்தினார். நாசிகளின் கையினின்றும் தப்பியோடிய மக்கள் எல்லை கடக்க உதவினார். 1943இல் தாமும் தப்பியோட நேர்ந்தது. பொன் கடந்து சென்றமைக்குச் சான்றான தாள்களைக் கைவிடப்பட்ட நிலையத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் கண்டெடுத்தவர் வரலாற்றுப் பேராசிரியர் எவருமல்லர். புகையிரதத்துக்குப் பதிலாக அவ்வழியே ஓடிய பஸ்ஸின் சாரதி ஒருவரே அவற்றைக் கண்டெடுத்தார்.

இனி 1970ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 27ஆம் நாள், பிரெஞ்சுப் பக்கத்திலே சோளம் ஏற்றிக்கொண்டு மலையேறிய சரக்கு வண்டியொன்று ஏற முடியாமற் பின்னோக்கி வழுக்கிக் கீழிறங்கி, லெஸ்தாங்கே என்னுமிடத்துப் பாலத்திலே தடம்புரண்டது. பாலம் உடைந்தது. அது விபத்து, அதனை மறுப்பாரில்லை. ஆனால் உடைந்த பாலத்தைக் கட்டாது விட்டது விபத்தன்று. மலையை எட்டுக் கிலோமீற்றர் குடையத் தெரிந்த நாட்டுக்கு ஆற்றின் மேல் ஒரு பாலத்தை மீளக் கட்டத் தெரியாமற் போயிற்றா? பிரெஞ்சு அரசின் புகையிரத நிருவாகம் பயணிகளுக்கு பஸ்ஸை விட்டது, பொருள்களை லொறிக்கு விட்டது, பாலத்தை விட்டுவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் வண்டி அவ்விடத்தைக் கடக்கவில்லை. பாலம் உடைந்தது என்பது தன்வினைதான். பாதையை மூடினர் என்பது பிறவினை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ‘விபத்தினால் பாதை மூடிற்று’ என்று எழுதுவது பொய்.

எதிர்த்தரப்பினர் இவ்விடத்திலே கணக்கேட்டை விரிப்பர். அப்பாதை என்றுமே இலாபம் தரவில்லை; பயணிகள் சிலர்; சரக்கு சிறிது; நட்டத்தை யார் சுமப்பது என்பர். இவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எடுத்து ஆராய வேண்டும். போக்குவரத்து எதிர்பார்த்த அளவு பெருகவில்லை என்பது உண்மை. ஏன் பெருகவில்லை? ஸ்பானியத் தண்டவாளத்தின் அகலம் ஏறத்தாழ 1.67 மீற்றர், பிரெஞ்சுத் தண்டவாளத்தின் அகலம் 1.435 மீற்றர். ஆகவே கன்பிராங்க்கிலே பயணிகள் யாவரும் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும். பொருள்கள் யாவற்றையும் இறக்கி மீள ஏற்றவேண்டும். பிரெஞ்சுப் பக்கத்தில் மின்வண்டி ஓடிற்று. ஸ்பானியப் பக்கத்துக்கு மின்சாரம் வரவேயில்லை. பிரெஞ்சுப் பக்கத்து ஏற்றம் சில இடங்களில் ஆயிரத்துக்கு நாற்பத்துமூன்று. அத்தகைய ஏற்றத்தில் நீண்ட வண்டி செல்லாது. பாதை திறந்த மறு ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. பின்னர் உள்நாட்டுப் போர், உலகப் போர், அதன்மேல் 1946 முதல் 1948 வரை பிரான்ஸ் ஸ்பானிய எல்லையையே மூடியமை. காலிரண்டையும் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்திலே நிறுத்தி, தோற்றவனுக்குக் கால் எதற்கு என்று கேட்பதை நியாயம் என்போமா?

மேலும் ஒரு வினா. இலாபக் கணக்கை இருப்புப்பாதையிடம் மட்டும் கேட்பது ஏன்? கணவாயின் கீழே லொறிகள் செல்வதற்கென 8.6 கிலோமீற்றர் நீளமான சாலைச் சுரங்கத்தை இரு அரசுகளும் தோண்டி 2003ஆம் ஆண்டு திறந்தன. தொண்ணூறுகளில் ஆஸ்ப் பள்ளத்தாக்கு மக்கள் பலர் அதனை எதிர்த்துப் போராடினர். குறுகிய மலைக் கிராமங்களினூடே பெருலொறிகள் உறுமிச் செல்லும். காற்றும் ஆறும் கெடும் என்றனர். அவர்களுடைய சொல் எடுபடவில்லை. அந்தச் சாலைச் சுரங்கம் இலாபம் தந்ததா என்று எவரும் கேட்டதில்லை. சாலைக்குச் செலவிடுவது முதலீடு. தண்டவாளத்துக்குச் செலவிடுவது நட்டம். இக்கணிதம் எந்தப் பாடசாலையிற் கற்பிக்கப்படுவது? இன்னொன்றையும் சொல்லல் வேண்டும். 1912இல் தொழிலாளர் குடைந்து முடித்த பழைய புகையிரதச் சுரங்கம் இன்று சாலைச் சுரங்கத்தில் விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பி ஓடும் வழியாகப் பயன்படுகின்றது. பொதுமக்களின் பயணத்துக்கென அமைந்த பாதை லொறிப் பாதைக்கு அவசர வாயிலாகிவிட்டது.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. 1982இல் ஸ்பெயினில் ஆட்சிக்கு வந்தது சோஷலிசத் தொழிலாளர் கட்சி என்னும் பெயர் தாங்கிய கட்சி. அக்கட்சியின் அரசே 1984இல் தீர்மானித்து, 1985இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 900 கிலோமீற்றர் இருப்புப்பாதையை முற்றாக மூடிற்று. ஏறத்தாழ அதேயளவு பாதையிலே பயணிகள் வண்டியை நிறுத்திச் சரக்குக்கு மட்டும் விட்டது. பிளசென்சியாவிலிருந்து அஸ்தோர்கா வரை மேற்கு ஸ்பெயினை வடக்குத் தெற்காக இணைத்த பாதை பயணிகளை இழந்தது அப்போதுதான். வயதொலித்தையும் அரிசாவையும் இணைத்த பாதை பயணிகளை இழந்ததும் அப்போதுதான். காரணம் அதே கணக்கேடு. ஏழே ஆண்டுகளின் பின், 1992இல், மத்ரித்துக்கும் செவில்லுக்குமிடையே அதிவேக வண்டி ஓடிற்று. இன்று அந்நாட்டின் அதிவேகப் பாதை ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். ஐரோப்பாவில் முதலிடம், உலகில் சீனாவுக்கு அடுத்த இடம். பணம் இல்லாமற் போகவில்லை. பணம் போகும் திசை மாறிற்று. பெயரிலே சோஷலிசம் இருந்தால் போதாது, வரவு செலவுத் திட்டத்திலே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

விளைவைக் காண்க. மத்ரித்திலிருந்து சரகோசாவுக்கு 300 கிலோமீற்றர். அதிவேக வண்டி ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே சேர்க்கும். சரகோசாவிலிருந்து கன்பிராங்க்குக்கு அதனினும் குறைந்த தூரம்; ஆயினும் மலைவண்டிக்கு நான்கு மணி நேரம் அளவு பிடிக்கும். அதுவும் நீண்ட காலமாக நாளொன்றுக்கு இரண்டு வண்டிகளே. இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு எவர் வேலைக்குப் போய்வர முடியும்? பெருநகர மருத்துவமனைக்குச் சென்று அன்றே திரும்ப வேண்டிய முதியவருக்கு அந்த நேர அட்டவணை எப்படி உதவும்? வசதியற்ற சேவையை நடத்துவர், மக்கள் ஏறமாட்டார், ஏறவில்லையென்று சேவையைக் குறைப்பர், குறைந்ததனால் இன்னும் சிலர் விலகுவர். இவ்வாறு ஒரு பாதையைக் கொல்வதற்கு விபத்தும் தேவையில்லை, ஆணையும் தேவையில்லை. நேர அட்டவணை ஒன்றே போதும்.

‘இக்காலத்தில் எல்லோரிடமும் கார் உண்டே’ என்பது மற்றொரு வாதம். எல்லோரிடமும் இல்லை. பதினைந்து வயது மாணவிக்கு இல்லை; எண்பது வயது மூதாட்டிக்கு இல்லை; மலைவிடுதிகளிலே பாத்திரம் கழுவவும் படுக்கை விரிக்கவும் பிறநாடுகளிலிருந்து வந்த தொழிலாளி பலருக்கும் இல்லை. போக்குவரத்து உரிமையைக் கார் உடைமையோடு கட்டினால், உடையவன் குடிமகனாவான், இல்லாதவன் கைதியாவான். மலையூரிலே பஸ்ஸும் வண்டியும் குறைவது, பாடசாலையும் மருத்துவமனையும் தொலைவில் நகர்ந்து செல்வதற்கு ஒப்பானது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை அடையும் வழி மறையும். பின்னர் இளைஞர் ஊரை விட்டுப் போவர். போனபின், ஆளில்லாத ஊருக்கு வண்டி எதற்கென்று கேட்பர். குதிரை கீழே தள்ளியதுமல்லாமற் குழியும் பறித்த கதை இதுவே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது எமது பண்டைய புலவர் கண்ட உண்மை. பாலை என்பதொரு தனி நிலமன்று. வளமிருந்த நிலம் அடைந்த நிலை. ஸ்பானிய உள்நாட்டின் பாலையும் அத்தகையதே. அங்கே வெம்மை செய்த ஞாயிறு இயற்கையின் ஞாயிறன்று என்பதே வேறுபாடு. 2016இல் செர்கியோ தெல் மொலினோ என்னும் எழுத்தாளர் ‘வெறுமையான ஸ்பெயின்’ எனப் பொருள்படும் தலைப்பிலே ஒரு நூல் வெளியிட்டார். அத்தொடர் நாடெங்கும் பரவிற்று. ஆனால் அந்தச் சிற்றூர்களின் மக்கள் தெருவில் இறங்கியபோது அத்தொடரிலே ஒரு திருத்தம் செய்தனர். ‘வெறுமையான ஸ்பெயின்’ அன்று, ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்றனர். 2019 மார்ச் 31ஆம் நாள் மத்ரித் நகர வீதிகளிலே திரண்ட கூட்டம் அந்தச் சொல்லையே பதாகையில் ஏந்திற்று. நாம் மேலே சொன்ன இலக்கணத்தை அம்மக்கள் எவரும் கற்பிக்காமலே கற்றிருந்தனர். வெறுமையாக்கப்பட்டது எனின், ஆக்கியவர் உளர். ஆக்கியவர் உளரெனின், அவரிடம் கணக்குக் கேட்கலாம். அரகொன் பிரதேசத்திலேயே உள்ள தெருவெல் மாகாணத்தில் ‘தெருவெலும் இருக்கின்றது’ என்ற பெயரிலே எழுந்த இயக்கம் 2019 நவம்பர் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினரை அனுப்பிற்று. தாம் இருப்பதையே ஓர் இயக்கத்தின் பெயராக்க வேண்டிய நிலை மக்களுக்கு ஏற்பட்டதெனின், அரசு அவர்களை எவ்வளவு தூரம் மறந்திருக்க வேண்டும்!

இலக்கியம் இதிலே செய்யத்தக்கது யாது? 1988இல் வெளிவந்த ‘மஞ்சள் மழை’ என்னும் நாவலிலே யூலியோ யமசாரெஸ், இதே உவெஸ்கா மலைப்பகுதியில் ஆளொழிந்து போன அயினியெல் என்னும் ஊரின் கடைசி மனிதனைப் பேசவைத்தார். அது துயரம் தோய்ந்த நூல். எனினும் அங்கே ஒரு மனிதன் இருக்கின்றான். அவனுடைய மனைவி, மக்கள், அயலவர் ஒவ்வொருவராக நீங்கிய கதை இருக்கின்றது. வெறுமைக்கு அவர் ஒரு குரலைக் கொடுத்தார். பயண இதழ்க்காரரோ குரல்களையெல்லாம் நீக்கிவிட்டு வெறுமையை அழகுப்பொருளாக்கினர். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்போர் இலக்கியமும் அறியார், மக்களையும் அறியார்.

அழகாக்கப்பட்ட வெறுமைக்கு அடுத்தபடி விலை வைக்கப்படும். கன்பிராங்க்கிலும் அதுவே நடந்தது. பயணிகளுக்கெனச் சிறியதொரு புதிய நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. பழைய பெருநிலையம் செப்பனிடப்பட்டு 2023 சனவரியில் ஐந்து நட்சத்திர ஹோட்டலாயிற்று. கட்டடம் இடிந்து விழாமற் காக்கப்பட்டதை நாம் குறை கூறவில்லை. அதனைச் செப்பனிட்ட கொத்தரும் தச்சரும் நம் நன்றிக்குரியர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். யானை இருந்தபோது அந்தப் பொன் யாருக்குச் சேர்ந்தது, இறந்தபின் யாருக்குச் சேர்கின்றது என்பதே எமது கேள்வி. வண்டிக்காகக் கட்டிய மண்டபத்திலே வண்டியின் நினைவை விற்கின்றனர். காரிலே வந்திறங்கும் செல்வர், புகையிரத யுகத்தின் பெருமையைப் போற்றி இரவு உணவு உண்கின்றனர். அடுத்த தண்டவாளத்திலே, நாளுக்கு இரண்டு முறை என்ற கணக்கிலே பழகிப்போன சிறுவண்டி வந்து நிற்கின்றது.

ஆயினும் இக்கதை தோல்வியில் முடியவில்லை. பாதையை மீளத் திறக்கவேண்டுமென்று மலையின் இருபுறத்து மக்களும் பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றனர். அதன் பயனாகவே பிரெஞ்சுப் பக்கத்தில் ஒலோரோனிலிருந்து பெதூ வரையான 25 கிலோமீற்றர் பாதை, பிரதேச அரசின் செலவிலே புதுப்பிக்கப்பட்டு, 2016 யூன் மாதத்தில் திறக்கப்பட்டது. எஞ்சியிருப்பது பெதூவிலிருந்து கன்பிராங்க் வரை ஏறக்குறைய 33 கிலோமீற்றர். பெதூ வண்டியிலே கூட்டமில்லையென்று ஏளனம் செய்வோர் உளர். ஆற்றின் நடுவரை பாலத்தைக் கட்டிவிட்டு, இக்கரையிலிருந்து அக்கரைக்கு எவரும் போகவில்லையே என்று கேட்பவருக்கு விடை வேண்டுமா? மீதிப் பாலத்தைக் கட்டுவதே விடை.

ஒரு சமுதாயத்தை அளப்பதற்கு அதன் அதிவேக வண்டியின் வேகம் அளவுகோலாகாது. கடைசி நிலையத்துக்கு எத்தனை வண்டி போகின்றது, அங்கே இறங்கும் கடைசிப் பயணி இரவுக்குள் வீடு சேர முடிகின்றதா என்பனவே அளவுகோல். ஆசிரியராகவும் மாணவராகவும் இவ்விதழைப் படிக்கும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. எந்த நாட்டைப் பற்றியதாயினும், ஒரு வாக்கியத்திலே ஊர்கள் தாமே வெறிச்சோடும்போதும், தொழில்கள் தாமே நலியும்போதும், வண்டிகள் தாமே நிற்கும்போதும், பேனாவை எடுத்து அவ்வாக்கியத்தைத் திருத்துங்கள். மறைந்து நிற்கும் எழுவாயைத் தேடி அதற்குரிய இடத்திலே எழுதுங்கள். கன்பிராங்க்கில் அந்த எழுவாய் பிரான்சின் புகையிரத நிருவாகமும், மத்ரித்தின் அரசுகளும், இலாபமொன்றையே நீதியாகக் கொண்ட ஆட்சி முறையுமாம். நிறுத்தியவர் இன்னாரென்று அறிந்த மக்களே, மீண்டும் ஓட்டு என்று அவரைப் பணிக்க வல்லவர்.